அலுமாரிக்குள் இருக்கும் பற்றரி

1

“மாமி பழுதாக்கவில்லைத்தானே? பிறகு ஏன் மாமி தான்தான் பழுதாக்கினது என்று சொல்லுறா?”

என் மகள் ஆரணி இதைக் கேட்டுச் சில கிழமைகள் ஆகிவிட்டன. ஏழு வயதுப் பிள்ளை. டெனிஷ் மொழியில்தான் கேட்டாள், தமிழாக்கியது நான். அவள் கேட்டபோது மாமி, அதாவது என் கணவரின் அக்கா, அதே மேசையில் எங்களுக்கு எதிரே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்கிறேன் என்று அவளை அடக்கினேன். இன்னும் சொல்லவில்லை.

நான் சரவணை என்ற தீவுக் கிராமத்தில் பிறந்து, கலியாணத்தோடு டென்மார்க்குக்கு வந்தவள். ஊரில் இருப்பவர்கள் வாசிக்கட்டும் என்று அவ்வப்போது இப்படிக் குறிப்புகள் எழுதுவேன். பனி, பள்ளிக்கூடம், மகளின் தமிழ் வகுப்பு என்று ஏதாவது இருக்கும். இந்த முறை ஒரு சைக்கிள் பற்றரியைப் பற்றி எழுதுகிறேன். அதை எழுதாமல் வேறொன்றை எழுத முடியவில்லை.

2

இங்கே கோடை வந்ததும் சனம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கடற்கரைகளுக்குப் போய்த் தங்கும். நாங்களும் ஒரு பழைய கூட்டுவண்டி வாங்கினோம். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போவது. உள்ளே ஒரு மெத்தை மட்டும். பின்கதவைத் தூக்கினால் ஒரு சின்ன அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும். கூரை என் நெஞ்சளவுதான் வரும். அதன் வடிவத்தைப் பார்த்து ஆரணி ‘முட்டை’ என்று பெயர் வைத்தாள். படம் அனுப்பியபோது சரவணையிலிருந்து என் தம்பி கேட்டான்: “அக்கா, கோழியை எங்க விட்டனீங்கள்?”

முட்டையோடு இரண்டு மடிப்பு மின்சைக்கிள்களும் சேர்ந்தன. நடுவில் ஒரு கொளுக்கியைத் தளர்த்தினால் முன்சில்லும் பின்சில்லும் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். சின்னதாகத் தெரியும், தூக்கினால்தான் பாரம் தெரியும். முதல் பயணத்தில் அவற்றை வண்டியின் பின்பக்கம் ஒரு தட்டில் வைத்துக் கட்டினோம். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து போனபோது, முட்டை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிட்டது. காரையும் சேர்த்து இழுத்தது. என் கணவர் பிரேக்கை அழுத்தாமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தார். பின்னுக்குப் பாரம் கூடினால் அப்படித்தான் ஆடுமாம். பிறகு ஓரமாக நிறுத்தி, மெத்தையைச் சுருட்டி, சைக்கிள்களை உள்ளே சில்லுக்குச் சற்று முன்னால் வைத்து, நடுவே ஒரு பழைய போர்வையைத் திணித்துப் பட்டியால் இறுக்கினோம். இன்றுவரை அப்படித்தான் ஏற்றுகிறோம். எங்கே போய் இறங்கினாலும் முதலில் சைக்கிள்களை இறக்கினால்தான் ஒருவர் சாயலாம்.

ஏற்றுவதற்கு முன் பற்றரிகளைக் கழற்ற வேண்டும். சைக்கிளின் பாரம் குறையும். வண்டிக்குள் குலுங்கி அடிபடாமலும் இருக்கும். ஒரு துணிப்பையில் போட்டுக் காரில் என் காலடியில் வைத்துக்கொள்வேன். கழற்றுவது, பூட்டுவது, போன இடத்தில் மின்சாரம் ஏற்றுவது எல்லாம் என் வேலை. எதையும் திரும்பத் திரும்பப் பார்ப்பவள் என்று அதை என்னிடம் விட்டிருக்கிறார் என் கணவர். பற்றரிப் பூட்டின் திறப்பும், அதாவது சாவியும், என்னிடம்தான். நான் கேட்டு வாங்கிய அதிகாரம் அல்ல. ஆனால் அதைப் பாவித்தது நான்தான்.

3

மச்சாள், அதாவது ஆரணியின் மாமி, நயினாதீவில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வேலணைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் தையல் ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அத்தனை வருடமும் காலையில் சைக்கிளை லோஞ்சுப் படகில் ஏற்றி, குறிகட்டுவான் துறையில் இறக்கி, பள்ளிக்கூடம்வரை மிதித்துப் போய், பின்னேரம் அதே வழியில் திரும்பியவர்.

அவரை இங்கே மூன்று மாதத்துக்கு அழைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு வேறு. விசா தருபவர்கள், என்ன உறவு, எங்கே தங்குவார், திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை மறுத்து, மறுபடி கேட்டபோதுதான் விட்டார்கள். காப்புறுதியின் நிபந்தனைகளை அகராதியோடு இருந்து வாசித்தேன். வாசித்து முடித்தபோது, அவர் வழியில் தடுக்கி விழுந்தாலும் அது எங்கள் தலையில் விடியும், அடுத்தமுறை விசாவும் கிடைக்காது என்ற பயம் மட்டும்தான் மிஞ்சியது. அதில் அப்படித்தான் எழுதியிருந்ததா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

வந்த இரண்டாவது கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு கடல்நீரேரிக் கரைக்குப் போனோம். பெண்கள் மூவரும் முட்டைக்குள், என் கணவர் பக்கத்தில் ஒரு சின்னக் கூடாரத்தில் என்று ஏற்பாடு. சைக்கிளை இறக்கி விரித்தபோது மச்சாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதென்ன பிள்ளை, சில்லு இவ்வளவு சின்னன்? சேர்க்கஸ்காரர் ஓடுற சைக்கிளோ?”

“ஏறிப் பாருங்கோ மச்சாள். மிதிச்சவுடன தானே இழுக்கும்.”

“தானே இழுத்தால் பிறகு எனக்கு என்ன வேலை?”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். முதல் மிதியிலேயே சைக்கிள் பாய்ந்தது. என் கணவர் பின்னால் ஓடினார். “அக்கா, பிரேக்கைப் பிடியுங்கோ.”

“நீ போடா. உன்னைச் சைக்கிள் பாரில இருத்தி ஓடினவள் நான்.”

புல்வெளியை இரண்டு தரம் சுற்றிவிட்டு வந்து நின்றபோது அவருடைய முகம் வேறாக இருந்தது. “ஆரோ பின்னால நிண்டு தள்ளிவிடுறமாதிரிக் கிடக்கு” என்றார். “திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை.”

4

அடுத்த நாள் காலை நான் ஆரணியைக் குளிக்க வார்த்துவிட்டு வந்தபோது மச்சாளும் இல்லை, என் சைக்கிளும் இல்லை. அவருடைய கைத்தொலைபேசி தலையணைக்குக் கீழே கிடந்தது. பக்கத்துக் கூடாரத்துப் பெண்மணி கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். என் கணவர் மற்றச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனார். கரை நீளம் முழுக்கப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். எனக்கு ஒரே யோசனைதான். ஊரில் இடப்பக்கம் ஓடிப் பழகியவர். இங்கே வலப்பக்கம். அதை யாராவது அவருக்குச் சொன்னோமா? நான் சொல்லவில்லை. என் கணவரும் சொல்லவில்லை.

மத்தியானம் ஆகும் வேளையில் மச்சாள் வந்தார். நான் பயந்தபடியே தெருவின் இடப்பக்கமாக வந்தார். எதிரே வந்த ஒரு வான் வண்டி அவரைக் கண்டு நின்று, ஒதுங்கி, பிறகு போனது. மச்சாள் அந்தச் சாரதிக்குக் கை காட்டிவிட்டு வந்தார்.

“எங்க மச்சாள் போனனீங்கள்?”

“துறைக்குப் போனனான் பிள்ளை. ஒரு சின்னக் கப்பல் நிண்டது. ஆக்கள் சைக்கிளோட ஏறிச்சினம். நானும் ஏறினன்.”

“ஆரிட்டக் கேட்டு ஏறினீங்கள்?”

“குறிகட்டுவானில ஆரிட்டக் கேட்டு ஏறினனான்? காசுப் பையை நீட்டினன், கப்பலில நிண்ட பெடியன் எடுக்கிறதை எடுத்திட்டுத் தந்தான். அக்கரையில ஒரு சேர்ச். அதைச் சுத்திப் பார்த்திட்டு அடுத்த கப்பலில வந்தனான்.”

“பாஷை தெரியாமல்?”

“எல்லாருக்கும் ‘தக்’ சொன்னன். நன்றி சொன்னால் ஆர் ஏசப் போகினம்?”

ஆரணி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அன்றுதான் மாமி மேல் உண்மையான மரியாதை வந்தது என்று நினைக்கிறேன். மாமி சொன்னதெல்லாம் தமிழ்தான், ஆனால் ஒரு சொல்லையும் அவள் தவறவிடவில்லை. அதைக் கண்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

மச்சாள் சாப்பிடக்கூட இல்லை. பாத்திரம் கழுவும் பேசினில் தண்ணீர் பிடித்து வந்து சைக்கிளின் தலையிலிருந்து ஊற்றினார். சீலைத் துண்டால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். பிறகு தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து சங்கிலிக்கும் கம்பிகளுக்கும் தடவினார்.

“உப்புத்தண்ணி தெறிச்ச சைக்கிளைக் கழுவாமல் ராவைக்கு விடக்கூடாது” என்றார்.

எங்கள் தீவுகளில் சைக்கிளோடு லோஞ்சில் போய்வரும் எல்லோரும் செய்வதுதான் இது. கிணற்றுத் தண்ணீரும் உவர் என்பதால், குடிக்க அள்ளி வைத்த நல்ல தண்ணீரிலிருந்தே ஒரு செம்பு சைக்கிளுக்கு என்று ஒதுக்குவார்கள். என் அப்பாவும் செய்திருக்கிறார். ஆனால் மின்சைக்கிளில் பற்றரி பூட்டியிருக்க, அதன் மேலும் தண்ணீர் ஓடியது. ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மழையில் எத்தனை தரம் ஓடியிருக்கிறேன்.

துடைத்து முடித்து நிமிர்ந்தவர் ஆரணியைப் பார்த்துச் சொன்னார்: “நாளைக்கு உன்னையும் பின்னால ஏத்திக்கொண்டு போறன் குஞ்சு. கப்பல் காட்டுறன்.”

ஆரணி துள்ளினாள். எனக்கு அந்த வான் கண்ணுக்குள் வந்தது.

5

அன்று பின்னேரம் வழக்கம்போல இரண்டு பற்றரிகளையும் கழற்றி மின்சாரம் ஏற்றினேன். இரண்டும் நிரம்பின. அடுத்த நாள் காலை ஒன்றை மட்டும் கணவரின் சைக்கிளில் பூட்டினேன். அவருடைய சைக்கிளின் ஆசனம் இறக்க வராமல் இறுகிக் கிடக்கிறது, மச்சாளுக்கு எட்டாது. மற்றதைத் துணிப்பைக்குள் வைத்து, காரின் ஆசனத்துக்குக் கீழே தள்ளினேன்.

“மச்சாள், என்ர சைக்கிள் பற்றரி ஏறுதில்லை” என்றேன்.

அவர் சீப்பும் கையுமாக நின்றார். ஆரணிக்கு இரட்டைப்பின்னல் போட்டு முடித்திருந்தார்.

“நான் தண்ணி ஊத்தினதாலயோ?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பற்றரி பழசு, அப்படி வருவதுதான் என்று சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் அவர் ஒரு காரணத்தை எடுத்து என் கையில் தந்துவிட்டார். அது என் காரணத்தைவிட நம்பக்கூடியதாக இருந்தது.

“இருக்கும் மச்சாள்” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் சீப்பை மெல்லக் கீழே வைத்தார். “எட மண்டைக்குள்ள ஒண்டும் இல்லாமல் செய்துபோட்டன்” என்றார். “கரண்டுச் சாமானெண்டு யோசிக்கேல்லைப் பிள்ளை. பழக்கதோசத்தில செய்துபோட்டன்.”

வலப்பக்கம் ஓடுங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளையை ஏற்ற வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். கணவரின் மூத்த அக்காவுக்கு, அதுவும் விருந்தாளியாக வந்தவருக்கு, வேண்டாம் என்று நேரே சொல்ல எங்கள் வீடுகளில் யாரும் எங்களுக்குப் பழக்கவில்லை. கணவரிடம் சொன்னால் “அக்கா ஓடட்டும், நீர் சும்மா பயப்பிடுறீர்” என்பார். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றை எழுதிவிட்டுப் பார்க்கும்போது இன்னொன்று மிச்சம் நிற்கிறது. அந்தத் துறைக்கு நாங்கள் மூன்று கோடைகளாகப் போகிறோம். நான் ஒருநாளும் தனியாக அந்தக் கப்பலில் ஏறியதில்லை. டெனிஷ் பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணியவள், இன்றைக்கும் பஸ் சாரதியிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன். மச்சாள் வந்த இரண்டாவது கிழமையில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு போய் வந்துவிட்டார். அவர் விழுந்துவிடுவார் என்று மட்டும்தான் நான் பயந்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

6

வீட்டுக்கு வந்ததும் பற்றரியை எங்கள் அறை அலுமாரியில் குளிர்கால உடுப்புகளுக்குக் கீழே வைத்தேன். ஒரு மறதிபோல இந்த விசயம் கரைந்துபோகும் என்று நினைத்தேன்.

மச்சாள் முதலில் விட்டது உடுப்புக் கழுவும் மெசின். வந்த புதிதில் ஆரணியிடம் கேட்டுப் பொத்தான்களை எல்லாம் பழகியிருந்தார். இப்போது குளியலறையில் குந்தியிருந்து கையால் கசக்கத் தொடங்கினார். கேட்டால், “என்ர ரெண்டு சீலைக்கு மெசின் எதுக்கு?” என்றார். பிறகு லிப்ட். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. முழங்கால் நோவோடு படியில் ஏறுகிறார். கண்ணாடி போட்ட மின்அடுப்பை நான் போட்டுக் கொடுத்தால்தான் சமைக்கிறார்.

அவர் வந்தால் பாவிக்கட்டும் என்று ஒரு தையல் மெசின் வாங்கி வைத்திருந்தோம். முதல் கிழமை முழுக்க அதில்தான் இருந்தார். ஆரணிக்கு இரண்டு சட்டை, முட்டையின் ஜன்னல்களுக்குத் திரை எல்லாம் தைத்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு மெசினை மூடிவிட்டார். எத்தனை பிள்ளைகளுக்குத் தையல் பழக்கிய கை.

“தைக்கேல்லையோ மச்சாள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இதுவும் கரண்டில ஓடுறதுதானே” என்று சிரித்தார். “உங்களுக்கு நான் வைச்ச செலவே காணும், இனிப் போதும்.”

சிரிப்பாகத்தான் சொன்னார். நான் குசினிக்குள் போய் அவருக்கு அடுப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

ஆரணி பற்றரியைக் கண்டது கையுறை தேடப்போய். கோடையில் எதற்குக் கையுறை என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் தேடுவார்கள். அதன் பொத்தானை அழுத்திப் பார்க்க எல்லா விளக்கும் எரிந்திருக்கிறது. உடனே மேசைக்கு வந்து, நான் மேலே எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள். மாமிக்கு விளங்கக்கூடாது என்று அவளாகவே டெனிஷில் கேட்டாள். வீட்டில் தமிழில் கதை, தமிழில் கதை என்று நாள் முழுக்க அவளை அதட்டுபவள் நான். அன்று நானும் டெனிஷில்தான், “பிறகு சொல்லுறன், இப்ப பேசாமல் இரு” என்றேன். ஒருவர் முன்னால் இருந்துகொண்டே அவரை வெளியே விடுவதற்கு எங்கள் மொழிகளில் எது உதவும் என்று பிள்ளை பழகிக்கொண்டாள். பழக்கியது நான்.

“என்னவாம்?” என்று மச்சாள் கேட்டார்.

“பள்ளிக்கூட விசயம்” என்றேன். அது இரண்டாவது பொய். ஆரணி என்னைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது கேட்டதைவிட மோசமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை மச்சாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பொதியைத் தந்தார். ஆரணியின் சின்னதாகிப்போன மழைக்கோட்டை வெட்டி, உள்ளே என் பழைய போர்வைத் துண்டு வைத்து, கையால் தைத்த ஓர் உறை. ஓரமெல்லாம் இரட்டைத் தையல். என் சைக்கிளில் பற்றரி இருக்கும் இடத்தை அளந்து தைத்திருக்கிறார்.

“புதுப் பற்றரி வாங்கினால் இதைப் போட்டுவிடும் பிள்ளை. இனி உப்பும் படாது, என்னைமாதிரி ஆரும் தண்ணி ஊத்தினாலும் உள்ளுக்குப் போகாது.”

நான் அதை வாங்கிக்கொண்டு “தையல் வடிவாயிருக்கு மச்சாள்” என்றேன். அதைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

7

அன்றைக்கே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“திருத்தியாச்சு எண்டு சொல்லிப் பூட்டிவிடும்” என்றார். “ஏன் பெரிசாக்கிறீர்?”

“அப்பவும் தான்தான் பழுதாக்கினது எண்டுதானே நினைப்பா?”

“நினைச்சால் என்ன? சைக்கிள் ஓடும். உண்மையைச் சொல்லிப் பாரும், அக்கா ஒண்டும் சொல்லமாட்டா. சிரிப்பா. பிறகு ஒருநாளும் இஞ்ச வரமாட்டா.”

அவருக்கு அவரின் அக்காவைத் தெரியும். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. திருத்தியாயிற்று என்று சொன்னால் மச்சாள் மறுபடி அந்தக் கப்பலில் ஏறுவார். இந்தமுறை நானும் கூடவே, வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போவேன். ஆனால் ஊருக்குப் போன பிறகும், தம்பி வீட்டில் ஒரு பெறுமதியான சாமானைப் பழுதாக்கிவிட்டு வந்தவள் என்ற நினைப்போடுதான் இருப்பார். ஆரணியும் அந்தப் பொய்யைக் காத்துக்கொண்டு வளர்வாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பாரம் அவரைவிட்டுப் போகும். அதற்குப் பதிலாக, தம்பியின் மனைவி தன்னை எதற்கும் ஏலாதவள் என்று எண்ணிப் பற்றரியை ஒளித்துவைத்தாள் என்பது தெரியவரும். எது அவருக்குக் கூடுதலாக நோகும் என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி அவருடைய நோவைப் பற்றி எழுதும்போதே, என் முகத்தைக் காப்பாற்றத்தான் யோசிக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

அவர் திரும்பிப் போவதற்கு முன் ஒரே ஒரு பயணம் மிச்சமிருக்கிறது. வருகிற கிழமை முடிவில் மறுபடியும் சைக்கிள்களை மடித்து முட்டைக்குள் ஏற்றுவோம். தான் வரவில்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மச்சாள் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்.

இதை வாசிப்பவர்களில் என்னைப்போன்ற மருமக்களிடம் நான் கேட்கவில்லை. நீங்கள் எனக்காகக் கதைப்பீர்கள். மச்சாளின் வயதில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கியவர்கள், விழுந்துவிடுவீர்கள் என்று கதிரையில் இருத்தி வைக்கப்பட்டவர்கள், உங்களுக்கு எழுதத் தெரியும், எழுதுங்கள். உங்களிடம் ஒருத்தி இப்படி ஒன்றை மறைத்திருந்தால் அதை அவள் வாயால் கேட்க விரும்புவீர்களா, அல்லது பேசாமல் சைக்கிளைத் தந்தால் போதும் என்பீர்களா? கேட்கத்தான் விரும்புவீர்கள் என்றால், எனக்கு ஆறுதல் ஒன்றும் எழுத வேண்டாம். அவர் முன்னால் போய் நின்று முதலாவதாக என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.